எந்த டாட்டூ பாணி உங்கள் தோலில் நிற்கும்? தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இன்ஸ்டாகிராமில் நாம் பார்த்து ஆசைப்படும் டாட்டூ படங்களில் பெரும்பாலானவை, குத்தி முடித்துத் துடைத்த கையோடு எடுத்தவை. கோடு கூர்மையாக இருக்கும், கறுப்பு மினுங்கும், வெள்ளைப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். அதே கை பத்து வருடம் கழித்து எப்படி இருக்கிறது என்று படம் போடுகிறவர்கள் மிகக் குறைவு. ஊசி பிடித்து வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாணியைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் கண்முன் நிறுத்த வேண்டியது அந்தப் பத்து வருடத்துக்குப் பிந்திய கையைத்தான். அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: மை தோலுக்குள் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தோலின் மேலடுக்கு ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகும். அதில் மை வைத்தால் நிற்காது. அதனால் ஊசி அதற்கும் கீழே, டெர்மிஸ் என்ற அடுக்குக்குப் போகிறது. ஆழம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்தான். மேலோட்டமாகக் குத்தினால் புண் ஆறும்போதே மை போய்விடும். அளவுக்கு மீறி இறக்கினால் மை அடியில் கசிந்து, கோட்டைச் சுற்றி நீலம் படர்ந்துவிடும். கடைகளில் இதை 'ப்ளோ-அவுட்' என்போம். எந்தப் பாணியானாலும் ஒருமுறை ப்ளோ-அவுட் ஆனால் அதைத் திருத்துவது கடினம்.

டெர்மிஸில் இறங்கிய மையை உடம்பு வேண்டாத பொருளாகத்தான் பார்க்கிறது. மேக்ரோஃபேஜ் எனப்படும் தற்காப்பு அணுக்கள் வந்து மைத் துகளை விழுங்குகின்றன. அவற்றால் அதைச் செரிக்க முடியாது. விழுங்கியபடி அங்கேயே இருந்துவிடுகின்றன. அந்த அணு செத்ததும் துகள் வெளியே விழும், அடுத்த அணு வந்து அதை எடுத்துக்கொள்ளும். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் கண்டு 2018-இல் வெளியிட்டார்கள். டாட்டூ ஆயுசுக்கும் நிற்பது இந்தக் கைமாற்றத்தால்தான். ஆனால் வருடம் போகப் போகத் துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கின்றன, தோல் தளர்கிறது, வெயிலும் விடாமல் அடிக்கிறது. எந்தக் கோடும் போட்ட நாளில் இருந்த மெலிவில் இருக்காது, கட்டாயம் பருக்கும்.

நம்பிக்கை இல்லையென்றால் கிராமத்தில் எழுபது வயது தாண்டிய பாட்டிகளின் முன்கையைப் பாருங்கள். குறத்திகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, விளக்குக் கரியைக் குழைத்துக் குத்திவிட்டுப் போன பச்சை அது. கோடு நூல் கனத்துக்குப் பருத்து, கறுப்பு பச்சை கலந்த நீலமாக மாறியிருக்கும். புள்ளிக் கோலம் போட்டிருந்தால் இன்றைக்கும் எத்தனை புள்ளி என்று எண்ணிவிடலாம். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள், அதனால் மை பரவியும் ஒன்றோடொன்று சேரவில்லை. அதே கையில் நெருக்கி எழுதிய பெயர் இருந்தால், பாட்டி சொன்னால்தான் அது யார் பெயர் என்று தெரியும். இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை: கோடுகளுக்கு இடையே வெற்றிடம் வேண்டும், போதுமான கறுப்பு வேண்டும், படத்துக்கேற்ற அளவு வேண்டும். இனி வரும் ஒவ்வொரு பாணியையும் இந்த மூன்றையும் வைத்தே எடைபோடப் போகிறேன்.

படி 2: உங்கள் தோலைப் பாருங்கள்

தோலுக்கு நிறம் தரும் மெலனின் மேலடுக்கில் இருக்கிறது, மை அதற்குக் கீழே இருக்கிறது. ஆக, மையின் நிறத்தை நாம் எப்போதும் நம் தோல் நிறத்தின் ஊடாகவே பார்க்கிறோம். மாநிறத் தோலில் கறுப்பு அருமையாக நிற்கும். அடர் சிவப்பு, அடர் பச்சை, அடர் நீலம் நன்றாகத் தெரியும். மஞ்சளும் வெளிர் இளஞ்சிவப்பும் வான நீலமும் ஆறியபின் மங்கிவிடும். வெள்ளை மையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: சில மாதங்களில் பழுப்பேறும், அல்லது காணாமலே போய்விடும். ஐரோப்பியரின் வெளிர் தோலில் போட்ட படத்தைக் காட்டி இதே நிறத்தில் வேண்டும் என்று கேட்பவரிடம் எந்தக் கலைஞரும் ஆமாம் போடக் கூடாது.

கறுத்த தோலில் டாட்டூ எடுக்காது என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது உண்மையில்லை. கறுத்த தோலுக்குத் தகுந்தபடி வரையத் தெரியாதவர்களின் பேச்சு அது. அதைவிட ஆபத்தானவர்கள், 'உங்க ஸ்கின்னுக்கு அழுத்திப் போட்டாத்தான் தெரியும்' என்று ஊசியை ஆழமாக இறக்குபவர்கள். அழுத்தினால் தழும்புதான் வரும், நிறம் வராது. இந்த வசனத்தைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம்மைப் போன்ற தோலில் கீலாய்டு என்ற மேடுதட்டிய தழும்பு வரும் வாய்ப்பு கூடுதல். காது குத்திய இடத்தில் கட்டி எழும்பியதா, பழைய வெட்டுக்காயம் புடைத்து நிற்கிறதா, அப்பா அம்மாவுக்கு அப்படி உண்டா என்று யோசியுங்கள். உண்டென்றால் தோல் மருத்துவரைப் பார்க்காமல் எந்தப் பாணியும் வேண்டாம். நெஞ்சும் தோள்பட்டையும் இதற்குப் பேர்போன இடங்கள். சோரியாசிஸ் இருப்பவர்களுக்கு ஊசி பட்ட இடத்திலேயே புதிதாகப் படை கிளம்பலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். ஒவ்வாமை அதிகம் தரும் மை சிவப்பு. பெரிய சிவப்பு வேலைக்கு முன்னால் மறைவான இடத்தில் ஒரு சிறு புள்ளி குத்தி, சில வாரம் பொறுத்துப் பாருங்கள். மச்சத்தின் மேல் எந்தக் காரணத்துக்காகவும் குத்தாதீர்கள்.

படி 3: இடம், அளவு, வேலை

பாணிக்கு முன்பே இடம் முடிவாக வேண்டும், ஏனென்றால் இடமே பாதிப் பாணிகளைத் தள்ளிவிடும். முன்கையின் உட்புறம், மேல்கையின் வெளிப்புறம், முதுகு, கெண்டைக்கால் ஆகியவை மையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். விரல், உள்ளங்கை ஓரம், பாதத்தின் பக்கவாட்டு, முழங்கை முனை ஆகியவை உரசலால் மையைக் கைவிட்டுவிடும். விரலில் போடும் மெல்லிய கோட்டு டாட்டூ இப்போது பெரிய மோகமாக இருக்கிறது. அது எவ்வளவு நாள் நிற்கும் என்று கேட்டால் உத்தரவாதம் தர முடியாது என்பதே நேர்மையான பதில். விலா எலும்பு, பாதத்தின் மேற்புறம், முழங்காலின் பின்புறம் மூன்றும் வலி தாங்க முடியாத இடங்கள். முதல் டாட்டூவுக்கு அங்கே போக வேண்டாம்.

சீருடைப் பணிக்கு முயற்சி செய்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கான மருத்துவ விதிகளில் டாட்டூ முன்கையின் உட்புறத்தில், அதுவும் சல்யூட் அடிக்காத இடது கையில், அல்லது புறங்கையில் இருந்தால் மட்டுமே ஏற்கிறார்கள். அளவு அந்தப் பகுதியில் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். ராணுவத்திலும் முன்கை உட்புறமும் புறங்கையும்தான். கழுத்திலும் மேல்கையிலும் போட்டுவிட்டு, எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறி, மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வருகிறார்கள் பிள்ளைகள். பார்க்கப் பொறுக்கவில்லை. விண்ணப்பிக்கப் போகும் வேலையின் புதிய அறிவிக்கையைப் படித்துவிட்டு வாருங்கள். ரத்த தானம் செய்பவர்கள் கவனத்துக்கு: இந்திய வழிகாட்டுதலின்படி டாட்டூ போட்டபின் 12 மாதம் தானம் செய்ய முடியாது.

படி 4: பாணிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்

*ஓல்ட் ஸ்கூல்.* அமெரிக்கத் துறைமுகங்களில் மாலுமிகளின் கைகளில் வளர்ந்தது. நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி, எடிசனின் மின்பேனாவை அடியொற்றி 1891-இல் டாட்டூ இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். வேலை வேகமானது. பிறகு ஹொனலூலுவில் கடை நடத்திய 'செய்லர் ஜெர்ரி' நார்மன் காலின்ஸ் இந்தப் பாணியை உச்சிக்குக் கொண்டுபோனார். தடித்த கறுப்பு வரைகோடு, உள்ளே கனத்த நிழல், மூன்று நான்கு நிறங்கள், அவ்வளவே. ரோஜா, கத்தி, கப்பல், தகைவிலான் குருவி ஆகியவை இதன் வழக்கமான படங்கள். மாலுமி வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடப்பவன், அவன் தோலில் நிற்கும்படி வளர்ந்த பாணி நம் வெயிலிலும் நிற்கிறது. மஞ்சளை விட்டுவிட்டுச் சிவப்பும் அடர் பச்சையும் வைத்தால் மாநிறத் தோலில் கம்பீரமாக இருக்கும். கப்பலும் நங்கூரமும்தான் வரைய வேண்டும் என்று கட்டாயமில்லை. வேல், மயில், திமில் புடைத்த காளை இவற்றை இதே இலக்கணத்தில் வரைந்து பாருங்கள், அப்படிப் பொருந்தும். நியோ ட்ரெடிஷனல் என்பது இதன் பிள்ளை: வரைகோடு அப்படியே இருக்கும், நிறமும் நுணுக்கமும் கூடும், அளவும் கூட்டியே ஆக வேண்டும்.

*ஜப்பானிய இரெசுமி.* 1820-களின் கடைசியில் குனியோஷி என்ற ஓவியர், சூய்கோதென் கதையின் வீரர்களை உடம்பெல்லாம் பச்சை குத்தியவர்களாக மரச்செதுக்கு அச்சில் வரைந்தார். எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து மக்கள் அந்தப் படங்களைத் தங்கள் முதுகில் ஏற்றிக்கொண்டார்கள். 1872-இல் மெய்ஜி அரசு டாட்டூவைத் தடைசெய்தது. 1948-இல்தான் தடை நீங்கியது. இன்றும் அங்கே பல வெந்நீர்க் குளியலகங்கள் டாட்டூ உள்ளவர்களை உள்ளே விடுவதில்லை. டிராகன், கோய் மீன், பியோனிப் பூ எனத் தனித்தனியாகப் பார்த்துக் கேட்பார்கள் நம் ஆட்கள். இந்தப் பாணியின் உயிர் பின்னணியில் இருக்கிறது. காற்றும் அலையும் மேகமும் கறுப்பில் ஓடி, உருவத்தை முன்னால் தள்ளிக் காட்டும். பின்னணி இல்லாத தனி டிராகன் பாதி வேலைதான். பூவுக்கும் பருவத்துக்கும் பொருத்தம் பார்ப்பார்கள், மேப்பிள் இலை வந்தால் இலையுதிர்காலம் என்று அர்த்தம். அரைக் கை, முழுக் கை, முதுகு என்று போவதாக இருந்தால் மட்டும் இதற்குள் இறங்குங்கள். பல மாதங்களுக்குத் தவணை தவணையாக உட்கார வேண்டியிருக்கும், செலவும் அதற்கேற்ப ஆகும். ஆனால் பெரிய வடிவம், நிறையக் கறுப்பு, நிறைய இடைவெளி என்று நான் கேட்ட மூன்றும் இதில் ஒருசேர இருக்கின்றன.

*பிளாக் அண்ட் கிரே.* நம் தோலுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான், காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. கலிஃபோர்னியாச் சிறைகளில் மெக்சிக அமெரிக்கக் கைதிகள் டேப் ரெக்கார்டர் மோட்டாரில் கிட்டார் கம்பியைப் பூட்டி ஊசி செய்தார்கள். கிடைத்தது கறுப்பு மை மட்டுமே. அதையே தண்ணீர் கலந்து இளக்கிச் சாம்பல் நிறங்களை வரவழைத்தார்கள். 1975-இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் திறந்த 'குட் டைம் சார்லீஸ்' கடை இந்த ஒற்றை ஊசி வேலையைச் சிறைக்கு வெளியே ஒரு கலையாக்கியது. பழுப்புத் தோலில், பழுப்புத் தோலுக்காக உருவான பாணி இது.

இதில் வெளிச்சத்தைக் காட்ட வெள்ளை மை தேவையில்லை. குத்தாமல் விட்ட தோலே வெளிச்சம். இங்கேதான் கலைஞரின் திறமை தெரியும். நம் தோல் ஏற்கனவே நடுத்தர நிறம், எனவே மிக இளகிய சாம்பல் போட்டால் ஆறியபின் தோலோடு கலந்துவிடும். நல்ல கலைஞர் சாம்பல் படிகளைக் குறைத்துக்கொள்வார். அடர் கறுப்பைத் துணிந்து வைப்பார், வெற்றுத் தோலைத் துணிந்து விடுவார்.

அப்பா, அம்மா முகம் வேண்டும் என்று வருபவர்கள் இந்தப் பாணியில்தான் வருகிறார்கள். பெரும்பாலும் இறந்துபோனவர்களின் முகம். ரேஷன் கார்டிலிருந்து வெட்டியெடுத்த மங்கல் படத்தையோ வாட்ஸ்அப்பில் பத்துமுறை சுற்றிய படத்தையோ நம்பி முகம் போட முடியாது. வீட்டு ஆல்பத்தைத் தேடுங்கள், கல்யாண போட்டோவின் அசல் பிரதியைக் கொண்டுவாருங்கள், பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்த படமாக இருந்தால் இன்னும் நல்லது. முகத்தின் அளவு உள்ளங்கைக்குக் குறையவே கூடாது. கண்ணில் கருவிழியும் அதற்குள் ஒரு வெளிச்சப் புள்ளியும் தனித்தனியாக நிற்க இடம் வேண்டும். மணிக்கட்டில் சின்னதாக அம்மா முகம் கேட்பவருக்கு நான் செய்வதில்லை. சில வருடங்களில் அது அம்மாவாக இருக்காது, அந்தத் துக்கத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

கடவுள் உருவமும் இதே பாணியில்தான் அதிகம். இடுப்புக்குக் கீழே வேண்டாம் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தர் உருவம் போடுபவர்கள் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2014-இல் மேல்கையில் புத்தர் டாட்டூவோடு இலங்கைக்கு வந்த பிரிட்டிஷ் பயணி ஒருவரைக் கைதுசெய்து நாடுகடத்தினார்கள். அது உரிமை மீறல் என்று 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லி இழப்பீடும் கொடுத்தது. தீர்ப்பு வந்தாலும், கொழும்புக்கு அடிக்கடி போய்வருபவர் கைமறைக்கும் சட்டை எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

*வண்ண ரியலிசம், வாட்டர்கலர்.* இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். வரைகோடு இல்லாமல் வெறும் நிறத்தால் உருவம் எழுப்பும் பாணிகள் இவை. நிறம் மங்கினால் தாங்கிப் பிடிக்கக் கறுப்பு இருக்காது. மாநிறத்துக்கு மேல் கறுத்த தோலில் வாட்டர்கலர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆசை விடவில்லையென்றால் அடியில் கறுப்புக் கோட்டுச் சட்டகம் வைத்து, அடர் நிறங்களை மட்டும் தெறிக்கவிடச் சொல்லுங்கள்.

*ஃபைன் லைன், மினிமல்.* ஒற்றை ஊசி, அல்லது மூன்று ஊசி சேர்ந்த 3 ஆர்.எல். கொண்டு இழுக்கும் மெல்லிய கோடு. அழகு, அடக்கம், அலுவலகத்துக்கும் உறுத்தாது. ஆனால் மிகச் சுலபமாகத் தெரிவதால் கற்றுக்குட்டிகளின் கையில் அதிகம் கெடுவதும் இதுதான். தடித்த கோட்டில் சிறு நடுக்கம் மறைந்துவிடும், மெல்லிய கோட்டில் மறைய வழியில்லை. படத்தை எளிமையாக வையுங்கள்: ஒரு கிளை, ஒரு பிறை, ஒரு வேல். ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் மலை, சூரியன், கடல், பறவை எல்லாம் வேண்டும் என்று கேட்காதீர்கள். சில வருடத்துக்கு ஒருமுறை அதே கோட்டின் மேல் மறுபடி குத்த வேண்டியிருக்கும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*பிளாக்வொர்க், டாட்வொர்க், மண்டலா, கோலம்.* என் மனதுக்கு நெருக்கமான இடம், கொஞ்சம் நின்று பேசுகிறேன். இவை முழுக்கக் கறுப்பால் ஆனவை. பிளாக்வொர்க் கனத்த கறுப்புப் பரப்பு. டாட்வொர்க் புள்ளிகளின் நெருக்கத்தால் நிழல் காட்டுவது. மண்டலா மையத்திலிருந்து விரியும் சமச்சீர் வடிவம். உலகமெங்கும் மண்டலா குத்திக்கொள்கிறார்கள். நம் வாசலில் கிடக்கும் சிக்குக் கோலம் அதற்கு எந்த வகையிலும் இளைத்ததில்லை. புள்ளியைச் சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் ஒற்றைக் கோடு டாட்டூவுக்கென்றே பிறந்த மாதிரி இருக்கிறது. ஒரே தடிமன், நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் வெற்றிடம்.

கோலம் போடும்போது மூன்றைக் கவனியுங்கள். உள்ளங்கை அளவு இடத்தில் ஐந்து புள்ளிக் கோலத்துக்கு மேல் போகாதீர்கள், வளைவுகள் நெருங்கிப் பின்னாளில் ஒட்டிக்கொள்ளும். கோடு கோட்டைத் தாண்டும் இடங்களில் மை இரண்டு முறை விழுந்து முடிச்சுப் போல் தடிக்கும், அதைத் தவிர்த்து இழுக்கத் தெரிந்தவரிடம் போங்கள். தரை சமதளம், கை உருளை. முன்கையில் சதுரக் கோலத்தைச் சுற்றிப் போட்டால் ஓரப் புள்ளிகள் பக்கவாட்டில் ஓடி மறையும். தட்டையான இடம் முதுகின் மேல்பகுதியும் தோளின் பின்புறமும்தான். வீட்டில் அம்மாவோ அப்பத்தாவோ போடும் கோலம் ஒன்று இருக்குமே, அதை அவரையே ஒரு காகிதத்தில் வரையச் சொல்லி எடுத்துவாருங்கள். இணையத்தில் இறக்கிய கோலத்தில் புள்ளிக் கணக்கு தப்பியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

*டிரைபல்.* இந்தப் பெயரில் கடை ஆல்பங்களில் கிடப்பவற்றில் பல, ஒரு மக்களின் அடையாளத்தைக் கத்தரித்து எடுத்தவை. சமோவாவில் ஆண்களின் பெஆ இடுப்பிலிருந்து முழங்கால் வரை போவது, அதற்கென்று சடங்கும் பொறுப்பும் உண்டு. நியூசிலாந்து மாவோரிகளின் தா மோக்கோ ஒருவரின் வம்சத்தைச் சொல்வது. மாவோரி அல்லாதவர்கள் போட்டுக்கொள்ள கிரிதுஹி என்ற தனி வகையை அவர்களே வைத்திருக்கிறார்கள். மலேசியத் தமிழர்களுக்குச் சரவாக் பக்கத்திலேயே இருக்கிறது: இபான் மக்களின் புங்கா தெருங், கத்தரிப்பூ வடிவில் இரு தோள்களிலும் வருவது, ஊரைவிட்டுப் பயணம் கிளம்பும் இளைஞனுக்குரியது. அழகாக இருக்கிறது என்பதற்காக எடுக்க வேண்டாம். ஆசை உண்மையென்றால் அந்த மக்களில் ஒருவரான கலைஞரிடமே போய்க் கேட்டு, அவர் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். வடிவமைப்பின் பலம் பிடித்திருக்கிறது என்றால் பிளாக்வொர்க்கில் உங்களுக்கென்று ஒன்றை வரையச் சொல்லலாம்.

படி 5: தமிழ் எழுத்தென்றால் தனிக் கவனம்

லெட்டரிங், அதாவது எழுத்து டாட்டூ பற்றிய வெளிநாட்டுக் குறிப்புகள் நமக்கு அரைகுறையாகத்தான் உதவும். நம் எழுத்துகளில் சுழி அதிகம். ண, ன, ழ, இ, ஞ இவற்றின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் மிகச் சிறியது. கோடு பருத்தால் முதலில் அடைபடுவது அதுதான். சுழி அடைந்துவிட்டால் ண எது, ன எது என்று தெரியாது. மெய்யெழுத்தின் புள்ளி மேலே எழுத்தோடு ஒட்டினாலும், மங்கினாலும் 'அம்மா' 'அமமா' ஆகிவிடும். எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பதே என் கணக்கு. ணகரமும் ஞகரமும் வந்தால் இன்னும் கூட்டுவேன். புள்ளியைச் சற்றுத் தள்ளி, வட்டமாக, கனமாக வைக்கச் சொல்லுங்கள்.

படத்தை வடிவமைக்கும் மென்பொருள் சிலவற்றில் தமிழ் உடைந்து விழும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ'வின் கால் தனியே ஒரு கட்டத்தோடு வரும். தமிழ் படிக்கத் தெரியாத கலைஞர் அதை அப்படியே குத்திவிடுவார். ஸ்டென்சில் (குத்துவதற்கு முன் படத்தின் கோடுகளைத் தோலில் பதிக்கும் தாள்) எடுப்பதற்கு முன் தமிழ் நன்றாகத் தெரிந்த இருவரிடம் காட்டுங்கள். ரகர றகரம், லகர ளகரம், ஒற்று மிகுதல் எல்லாம் பார்த்துத் திருத்திய பிறகே தோலுக்குப் போக வேண்டும். குறள் முழுவதையும் போட ஆசைப்படுபவர்கள் ஏழு சீரும் நின்று மூச்சுவிட முதுகையோ விலாவையோ ஒதுக்குங்கள். மணிக்கட்டுக்கு ஒரு சீரே போதும்.

படி 6: வடிகட்டுங்கள்

பிடித்த படங்களை இருபது முப்பது சேகரித்து ஒரே பக்கத்தில் பரப்பிப் பாருங்கள். எதைப் பற்றிய படம் என்பதை மறந்துவிட்டு, கோடு தடிப்பா மெலிவா, நிறமா கறுப்பா, நெருக்கமா இடைவெளியா என்று மட்டும் பாருங்கள். உங்கள் கண் எந்தப் பாணியின் பக்கம் சாய்கிறது என்று தானாகத் தெரிந்துவிடும்.

பிறகு இரண்டு பாணியை மட்டும் வைத்துக்கொண்டு, உண்மையான அளவில் அச்சடித்து, வெட்டி, நினைத்த இடத்தில் ஒட்டுங்கள். கண்ணாடியிலிருந்து ஆறடி தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பாருங்கள். இடுக்கியும் என்ன உருவம் என்று தெரிந்தால் அது வயதானாலும் தெரியும். குழம்பினால் அளவைக் கூட்டுங்கள், இல்லையென்றால் விவரத்தைக் குறையுங்கள். அந்தப் படத்தை போன் திரையில் வைத்துவிட்டு இரண்டு மூன்று மாதம் பாருங்கள். சலித்துவிட்டால் நல்லதாகப் போயிற்று.

பழைய டாட்டூவை மறைக்கத்தான் இந்தப் புது டாட்டூ என்றால் தேர்வு சுருங்கிவிடும். புதியது பழையதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாகவும் கறுத்தும் இருந்தாக வேண்டும். ஜப்பானியப் பின்னணியும் பிளாக்வொர்க்கும் நியோ ட்ரெடிஷனலும்தான் அந்தப் பாரத்தைத் தாங்கும். லேசரில் சில முறை மங்கவைத்துவிட்டு வந்தால் வழி அகலும். லேசருக்குக் கறுப்பு மை சீக்கிரம் உடையும். பச்சை, வான நீலம், மஞ்சள் அடம்பிடிக்கும். நம் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளத்தில்தான் பாதுகாப்பாகச் செய்வார்கள். இதைத் தோல் மருத்துவரிடம் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

படி 7: பாணிக்கேற்ற கையைத் தேடுங்கள்

எல்லாப் பாணியும் செய்வோம் என்று பலகை வைத்திருக்கும் கடையிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாணிதான் கைவந்ததாக இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'ஆறி ஒரு வருஷம் ஆன வேலை இருந்தா காட்டுங்க, என்னோட கலர் இருக்கிற ஸ்கின்ல.' அதைக் காட்ட முடியாதவரிடம் அந்தப் பாணியைக் கொடுக்காதீர்கள். கோட்டு வேலையில் இரண்டு கோடு சேரும் முனைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், அங்கே மை தேங்கியிருக்கக் கூடாது. நிழல் வேலையில் கறுப்பிலிருந்து தோலுக்குப் போகும் வழியில் திட்டுத்திட்டாக நிற்கிறதா என்று பாருங்கள். வட்டங்கள் வட்டமாகவே இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

நம் ஊர்க் கடைகளில் சதுர அங்குலக் கணக்கில் விலை சொல்வது வழக்கம். அதை வைத்து அளவைச் சுருக்குவதுதான் நான் காணும் பெரிய தவறு. காசு போதவில்லையென்றால் படத்தை எளிமையாக்குங்கள், அல்லது சேர்த்துவைத்துப் பிறகு வாருங்கள். சுருக்கிய மண்டலாவும் சுருக்கிய முகமும் வீண்.

சுத்தத்தில் சமரசமே கிடையாது. ஊசிப் பொதியை உங்கள் கண்முன் உடைக்க வேண்டும், மை ஒருமுறைப் பயன்பாட்டுக் குப்பிகளில் ஊற்றப்பட வேண்டும், மிச்சம் குப்பைக்குத்தான் போக வேண்டும், கையுறை போனைத் தொட்டால் மாற வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ஊசி வழியே வரும். திருவிழாக் கடைகளில் ஒரே ஊசி, ஒரே மைக் கிண்ணத்தில் வரிசையாகக் குத்துவதைப் பார்த்தால் கூட வந்தவர்களையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மையின் பிராண்டையும் காலாவதித் தேதியையும் கேட்பது உங்கள் உரிமை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அந்த விதிக்கு உட்பட்ட மை என்று பாட்டிலில் இருந்தால் நிம்மதி.

படி 8: ஸ்டென்சில் ஒட்டும் நாள்

நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, தூங்கி எழுந்து, முந்தைய நாளே மதுவை நிறுத்திவிட்டுப் போங்கள். ஸ்டென்சில் ஒட்டியதும் படுத்த நிலையில் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். எழுந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள், மடக்குங்கள், திருப்புங்கள். முன்கை திரும்பும்போது நேர்கோடு சாய்வதை அப்போதுதான் காண்பீர்கள். பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். மூன்றாவது முறை ஒட்டச் சொன்னாலும் முகம் சுளிக்காதவரே நல்ல கலைஞர்.

படி 9: ஆறும் காலம்

மேல்தோல் ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும், உள்ளே அமைதியடைய இன்னும் சில வாரங்கள். வாசனையில்லாத சோப்பால் மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, கடையில் சொன்ன களிம்பை மெல்லிதாகத் தடவுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். திறந்த புண்ணில் எதுவும் வேண்டாம். குளம், கடல், நீச்சல் தொட்டி, உடற்பயிற்சிக் கூடத்தின் வியர்வை எல்லாவற்றிலிருந்தும் தள்ளியிருங்கள். உதிரும் பொருக்கைப் பிய்த்தால் அந்த இடத்து மையும் சேர்ந்து வரும். பெரிய கறுப்பு வேலைகளைச் சித்திரை, வைகாசி வெயிலில் தொடங்காமல் மார்கழி, தை மாதங்களுக்கு வைத்துக்கொள்வது உத்தமம். சிவந்து சூடேறிச் சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ கடைக்காரருக்கு போன் போட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ஒன்றரை மாதம் கழித்துக் கடைக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். மை பிடிக்காத இடங்களுக்கு டச்-அப் செய்து தருவது நல்ல கடைகளின் வழக்கம். அது இலவசமா, எத்தனை மாதத்துக்குள் வர வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புண் முழுதாக ஆறியபின் வெளியே கிளம்பும்போதெல்லாம் டாட்டூ மேல் சன்ஸ்கிரீன் தடவுங்கள். பைக் ஓட்டுபவர்களின் முன்கைக்கு இது இரண்டு மடங்கு அவசியம்.